வளாகத்து உயிர்களை எதில் பதிவது: ஈபேர்டா, ஐநேச்சுரலிஸ்டா, சீசன்வாட்சா, பழைய நோட்டே போதுமா?

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் சுற்றுச்சூழல் கல்வித் தாள் யார் தலையில் விழுகிறதோ, அந்த ஆசிரியருக்கு முதலில் வரும் கேள்வி, களப்பணிக்கு இந்த வருஷம் என்ன செய்யச் சொல்வது என்பதுதான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஓர் ஆறு மாதப் பாடத்திட்டம் வகுத்தது. அதன் கடைசி அலகு களப்பணி. பக்கத்தில் உள்ள ஆறு, காடு, மலை எதையாவது போய்ப் பார், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார், சுற்றியுள்ள செடி, பூச்சி, பறவைகளைக் கவனி என்கிறது அந்த அலகு. மொத்த 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு. நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்ட புராஜெக்டுகள் கட்டுக்கட்டாக வரும். மதிப்பெண் போட்டதும் கட்டுகள் பரணுக்குப் போகும்.

அந்த 25 மதிப்பெண்ணுக்காக மாணவர்கள் எப்படியும் செலவிடப்போகும் நேரத்தை, சொந்த வளாகத்தில் உள்ள உயிர்களைப் பதிவதில் போட்டால் உருப்படியாக ஏதாவது மிஞ்சும். அதற்குக் காசில்லாத வழிகள் இப்போது நாலைந்து உண்டு. சிக்கல் என்னவென்றால், ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் தொடங்கிவிட்டு எதுவும் டிசம்பரைத் தாண்டாமல் நின்றுபோகும். ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

நான் மனதில் வைத்திருப்பது சாதாரணமான ஒரு கலை அறிவியல் கல்லூரி. வகுப்பில் அறுபது பேர். தாளை எடுப்பவர் தாவரவியல் ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தமிழோ வணிகவியலோ எடுக்கிறவருக்கு மணிநேரம் குறைகிறது என்று கொடுத்திருப்பார்கள். வளாகத்தில் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரங்கள், கேன்டீனுக்குப் பின்னால் ஒரு புதர்க்காடு, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். வெளிமான் திரியும் சென்னை ஐஐடி, புதர்க்காட்டுக்குப் பேர்போன தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு ஆளும் உண்டு, அனுபவமும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஒரு வழி சரியா என்று பார்க்க நான் கேட்பவை மூன்று. அது எந்தக் கேள்விக்குப் பதில் தரும்? இந்த பேட்ச் போன பிறகும் அது நிற்குமா? கல்லூரி நாட்காட்டியோடு ஒத்துப்போகுமா? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பாதி முயற்சிகள் செத்துப்போவது அதனால்தான்.

நோட்டும் எக்செல்லும்

பெரும்பாலான கல்லூரிகளில் ஏற்கனவே இருப்பது இதுதான். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய மாதத்தில் ‘கிரீன் ஆடிட்’ என்று ஒரு கோப்பு தயாராகும். மரங்களுக்கு எண் போட்ட தகரம் அடித்து, தாவரவியல் பெயரோடு ஒரு பட்டியல் போடுவார்கள். இதைக் கேலி செய்ய மாட்டேன். நன்றாகச் செய்த மரப் பட்டியல் ஒன்று இருந்தால் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அது அடித்தளம். நெட் வேண்டாம், தமிழில் எழுதலாம், ஆசிரியர் கையில் கட்டுப்பாடு இருக்கும்.

ஆனால் அந்தக் கோப்பு இருப்பது ஒருவருடைய பீரோவில் அல்லது பென் டிரைவில். அவர் ஓய்வுபெற்றாலோ மாறுதலில் போனாலோ அடுத்து வருபவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பிடவும் முடியாது, ஏனென்றால் முதலாமவர் எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் நடந்து பார்த்தார் என்று எங்கும் எழுதியிருக்காது. முன்பு 70 வகைப் பறவை, இப்போது 45 வகை என்றால் பறவை குறைந்ததா, பார்த்த ஆள் குறைந்ததா? சொல்ல வழியில்லை.

ஈபேர்ட்

அந்த ஓட்டையை அடைக்கும் வகையில் அமைந்தது ஈபேர்ட். 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கியது. இந்தியாவில் ‘பேர்ட் கவுண்ட் இந்தியா’ என்ற கூட்டமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது. பறவைகளுக்கு மட்டுமானது. செல்போனில் செயலியைத் திறந்து தொடங்கினால் நேரத்தையும் நடந்த தூரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். கண்ட பறவைகளை எண்ணிக்கையோடு பதிய வேண்டும். முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா?

இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வரும் பட்டியல்தான் தங்கம். காகம், மைனா, தவிட்டுக்குருவி என்று தினம் பார்க்கும் பறவைகளையும் விடாமல் எழுதியிருந்தால், எழுதாத பறவை அப்போது கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இருப்பதோடு இல்லாததும் பதிவாகிறது. ஒரு மாதத்தில் போட்ட 40 பட்டியல்களில் 30-இல் செம்போத்து இருந்தது, அடுத்த வருஷம் அதே மாதத்தில் 40-இல் 12-இல்தான் இருந்தது என்றால், நடுவில் அந்தப் புதரை யாரோ வெட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்கக் காரணம் கிடைத்துவிடும். பறவைப் பெயர்களின் வெறும் பட்டியல் இதைச் சொல்லாது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களால் என்ன பயன் என்று மாணவர் கேட்டால் சிட்டுக்குருவியைச் சொல்லுங்கள். சிட்டுக்குருவி அழிகிறது, செல்போன் டவர்தான் காரணம் என்று பட்டிமன்றம் வரைக்கும் பேசியாயிற்று. 2020-இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை ஈபேர்ட் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, நாடு முழுவதுமாக எடுத்துக்கொண்டால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 942 பறவை இனங்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பயன்பட்டவை 30,000-க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகள். 178 இனங்களை உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று அது குறித்தது. ஒரு கல்லூரி மாணவி காலையில் விடுதி வாசலில் நின்று 15 நிமிடம் போடும் பட்டியலும் இந்தக் கணக்கில் சேரும். பரணுக்குப் போன புராஜெக்ட் சேராது.

நாட்காட்டி விஷயத்திலும் ஈபேர்டுக்குத்தான் என் ஓட்டு. வலசைப் பறவைகள் நம் ஊருக்கு வரத் தொடங்குவது செப்டம்பர் வாக்கில்; மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போய்விடும். கல்லூரி நடக்கும் மாதங்களும் கிட்டத்தட்ட அவையே. அக்டோபரில் ஆறுமணிக்குருவி ஒன்று களைத்துப்போய் ஆய்வகச் சுவரோரம் வந்து உட்கார்ந்தால் வகுப்பே கூடிவிடும். அதற்கு விளம்பரம் வேண்டாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவருவது. அப்போது மாணவர்கள் ஊரில் இருப்பார்கள் என்பதால் அது வளாகத்துக்கு உதவாது, அவரவர் ஊர் ஏரிக்கும் வயலுக்கும் உதவும். பிப்ரவரியில் வருகிற உலகளாவிய நான்கு நாள் கணக்கெடுப்பின் ஒரு பகுதிதான் இந்தியாவில் நடக்கும் வளாகப் பறவைகள் கணக்கெடுப்பு. அது கல்லூரிகளுக்கென்றே உள்ளது.

குறை இல்லாமல் இல்லை. பறவையை அடையாளம் காணத் தெரிய வேண்டும். இரண்டு கொக்கை வேறுபடுத்தத் தெரியாத வகுப்பிடம் ‘முழுப் பட்டியல்’ கேட்டால் பயந்துபோவார்கள். உண்மையில் பயப்படத் தேவையில்லை. கேள்வி ‘அடையாளம் காண முடிந்த எல்லாம்’ என்பதுதான். தெரியாததை விட்டுவிடலாம், அல்லது ‘ஏதோ ஒரு கொக்கு’ என்றே பதியலாம். கார்னெல்லின் மெர்லின் என்ற இன்னொரு செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவிதான், ஆனால் மெர்லின் சொன்னதை அப்படியே பதியக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த மாதத்தில் வரக்கூடாத பறவையைப் போட்டால் ஈபேர்ட் கேள்வி கேட்கும். தன்னார்வலராக ஒருவர் அதைச் சரிபார்ப்பார். அவர்களும் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் உட்கார்ந்து இதைப் பார்ப்பவர்கள். அறுபது பேர் ஒரே நாளில் அரிய பறவை கண்டுபிடித்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட்

மாணவர்களுக்குப் பிடிப்பது இது. காரணம் எளிது: எதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டாம், போட்டோ போதும். சிலந்தி, அந்துப்பூச்சி, காளான், சுவரில் படர்ந்த பாசி என்று எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். படத்தைப் பார்த்துக் கணினியே சில பெயர்களை முன்வைக்கும். பிறகு உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் வந்து சரிபார்ப்பார். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனத்தின் பெயரில் ஒத்துப்போனால் அது ‘ஆய்வுத் தரம்’ பெறும். அப்படித் தரம் பெற்றவை, உரிமம் இடம்கொடுத்தால், ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவு மையத்துக்கும் போய்ச் சேரும். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்கள் மூவர் செய்த புராஜெக்டாகத் தொடங்கியது இது. புராஜெக்ட் பரணுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம்.

பூச்சிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வராந்தா விளக்கடியில் மழைக்கால இரவில் வந்து விழும் அந்துப்பூச்சிகளை ஒரு வாரம் படமெடுத்தாலே, யாரும் பெயர் கேட்டிராத பட்டியல் ஒன்று கிடைத்துவிடும். பட்டாம்பூச்சி என்றால் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் வரைக்கும் பேச விஷயம் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தது. சமவெளி வளாகத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

ஆனால் கல்லூரிக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நட்டு வளர்த்த செடியையும் வளர்ப்புப் பிராணியையும் ஐநேச்சுரலிஸ்ட் தனியாக ஒதுக்கிவிடும். அவற்றுக்கு ஆய்வுத் தரம் கிடையாது. நம் வளாகங்களில் கண்ணுக்குத் தெரியும் செடிகளில் பாதிக்கு மேல் தோட்டக்காரர் வைத்தவை. ஒரு வகுப்பு முழுக்கக் காகிதப்பூவையும் குரோட்டன்ஸ் தொட்டியையும் படமெடுத்து ஏற்றினால் அங்கே இருக்கும் தன்னார்வலர்களுக்கு அது தலைவலி. மதிப்பெண்ணுக்காக ஆளுக்கு 20 படம் என்று சொன்னால் நடப்பது இதுதான். அந்தத் தளமே ஆசிரியர்களுக்குச் சொல்லும் அறிவுரை, வகுப்பை இறக்கும் முன் நீங்கள் கொஞ்ச நாள் பயன்படுத்திப் பாருங்கள் என்பது.

அடுத்த சிக்கல் வாட்ஸ்அப். ஒருவன் எடுத்த படத்தை நாலு பேருக்கு அனுப்புவான், நாலு பேரும் ஆளுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடமும் நேரமும் அழிந்துபோகும். பிறகு அவர்கள் கைப்பட ஓர் இடத்தைக் குறிப்பார்கள். கேன்டீன் அந்துப்பூச்சி பேருந்து நிலையத்தில் இருப்பதாகப் பதிவாகும். எடுத்தவர்தான் ஏற்ற வேண்டும் என்பதைக் கறாராகச் சொல்லாவிட்டால் தரவு கெட்டுவிடும்.

இன்னொன்று, மாணவிகள் விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஏற்றும் படங்கள். படத்தோடு துல்லியமான இடமும் பொதுவில் தெரியும். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் எந்த வாசலில் நிற்கிறாள் என்பதை ஊருக்கே சொல்லும் பதிவாக அது ஆகிவிடக் கூடாது. இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. அதை எப்படிப் போடுவது என்று முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்கு அந்தத் தளமே இடத்தை மங்கலாக்கும். ஆனாலும் கரூர், திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் தேவாங்கு தென்பட்டாலோ, எங்காவது நட்சத்திர ஆமை கிடைத்தாலோ, இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாமல் இருக்கச் சொல்வது ஆசிரியர் பொறுப்பு. பாம்புப் படம் வேண்டவே வேண்டாம். கண்ணாடி விரியனை நெருங்கிப் போய் போட்டோ எடுத்து வாங்கும் மதிப்பெண் யாருக்கும் தேவையில்லை.

இதெல்லாம் தாண்டியும் அடிப்படையான ஒரு வரம்பு இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் இருப்பதை மட்டும் சொல்லும். நீங்கள் எவ்வளவு நேரம் தேடினீர்கள், எது இல்லை என்று அது கேட்பதில்லை. ஆகவே வளாகத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்ற கேள்விக்கு அருமையான பதில் தரும். கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்குத் தராது.

இந்தியப் பல்லுயிர்த் தளமும் இதே வகைதான். 2008-இல் தொடங்கியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முதலியவை கைகொடுத்து வளர்த்தது. உள்நாட்டுத் தளம், ஒவ்வோர் இனத்துக்கும் விரிவான பக்கங்கள், ஆவணங்களும் வரைபடங்களும் சேர்த்து வைக்கலாம். படிக்கப் போகலாம், தாவரவியல் துறை மாணவர்களுக்கு அவசியம் காட்ட வேண்டும். ஆனால் படம் போட்ட சாயங்காலமே யாராவது பெயர் சொல்லிவிட்டால்தான் முதலாண்டு மாணவர் மறுநாளும் படம் எடுப்பார். அந்த வேகத்துக்கு ஐநேச்சுரலிஸ்டில் ஆள் அதிகம்.

சீசன்வாட்ச்

இது மரங்களுக்கானது, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்துவது. ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை அதே மரத்திடம் போய், தளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு என்று பார்த்து ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அடையாளம் காண்பதில் தகராறே இல்லை, மாமரம் மாமரம்தான். தமிழ் ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் ஒரே மாதிரி எளிது. பருவநிலை மாற்றம் என்று பாடத்தில் வரும் பெரிய பேச்சுக்கும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கொன்றைக்கும் நேரடியாகத் தொடர்பு காட்டக்கூடியது இது ஒன்றுதான். விஷுவுக்குக் கனி வைக்க வேண்டிய கொன்றை சித்திரைக்கு வெகுநாள் முன்பே பூத்துவிடுகிறது என்று கேரளத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதை வாய்ப்பேச்சாக விடாமல் வாராவாரம் குறித்து அனுப்புவதில் அங்குள்ள பள்ளிகளின் பங்கு மிகப் பெரியது.

அப்படியானால் இதையே முதலில் எடுத்துக்கொள்ளலாமே என்றால், நாட்காட்டி இடிக்கிறது. வேம்பு பூப்பது பங்குனி சித்திரையில். புங்கன் தளிர்ப்பதும் பூப்பதும் அதையொட்டி. கொன்றையும் மயிற்கொன்றையும் ஏப்ரல், மேயில். நாவல் பழுப்பது ஜூனில். மரங்களின் வாழ்க்கையில் விஷயம் நடக்கும் மாதங்களில் கல்லூரி பூட்டியிருக்கும். செமஸ்டர் முழுக்க மாணவர் வாராவாரம் போய் ‘முற்றிய இலை நிறைய, பூ இல்லை, காய் இல்லை’ என்றே எழுதிக்கொண்டிருப்பார். பூக்கத் தொடங்கும்போது ஊருக்குப் போய்விடுவார். பேட்ச் மாறும்போது மரம் யாருக்குச் சொந்தம் என்ற குழப்பமும் சேரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வளாகத்திலேயே தங்கியிருக்கும் ஒருவர், விடுதிக் காப்பாளரோ நூலகரோ தோட்டக்காரரோ, மே மாதத்திலும் பத்து மரங்களைச் சுற்றிவர ஒத்துக்கொண்டால் சீசன்வாட்ச் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும். தோட்டக்காரர் சொல்லும் தகவல் பல நேரம் ஆசிரியர் சொல்வதைவிடச் சரியாக இருக்கும், அவர் அந்த மரத்தடியில்தான் தினமும் பெருக்குகிறார். அப்படி ஓர் ஆள் கிடைக்காத வளாகத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியும் உண்டு: மாணவர் தன் வீட்டு மரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போது விடுமுறையிலும் பார்ப்பார், படிப்பு முடிந்தும் பார்க்கலாம். வளாகத்துக்குத் தரவு கிடைக்காது, ஆனால் ஓர் ஆள் கிடைப்பார்.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊராரோடு கலந்து பதிவேடு தயாரிக்க வேண்டும். நாடு முழுமைக்குமான தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பறவை, பூச்சியோடு நிற்பதில்லை இது. நெல் ரகம், நாட்டு மாடு, மேய்ச்சல் நிலம், ஊர்க்குளத்து மீன், எந்தப் பச்சிலை எதற்கு என்ற அறிவு, எல்லாம் இதில் வரும். என்எஸ்எஸ் முகாமுக்குப் போகும் ஊரில் மாணவர்கள் ஊராட்சிக்கு இதில் உதவலாம். தமிழில்தான் நடக்கும், ஆங்கிலச் செயலியைப் பார்த்து ஒதுங்கும் மாணவர் இதில் முன்னால் நிற்பார். மாப்பிள்ளைச் சம்பாவை எந்தப் பட்டத்தில் விதைப்பார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுவதில் சமூகவியல் மாணவியும் தமிழ் மாணவரும் விலங்கியல் மாணவரைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

ஆனால் இது ஒரு செமஸ்டர் வேலை இல்லை. ஏழு நாள் முகாமில் பதிவேடு போட்டுவிட்டோம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். பருவத்துக்குப் பருவம் போக வேண்டும். வைத்தியம் தெரிந்தவர் சொல்வதை எழுதும்போது அவர் சம்மதம் வேண்டும். எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவேடு அந்த ஊர்க் குழுவுக்குச் சொந்தம், கல்லூரிக்கு அல்ல. மாணவர் அதைப் படமெடுத்து இணையத்தில் போடுவதோ ஆய்வுக் கட்டுரைக்குள் இழுப்பதோ தப்பு. நல்ல வழிகாட்டியும் ஊராட்சித் தலைவரின் ஒத்துழைப்பும் இருக்கும் கல்லூரிக்கு மட்டும் இதைச் சொல்வேன். அப்படி இரண்டும் இருந்தால், மேலே உள்ள செயலிகள் எதுவும் இதற்கு ஈடில்லை.

சரி, எதைத் தொடங்குவது?

ஒரே ஓர் ஆசிரியர், மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்கள், இரண்டு செமஸ்டர் என்ற நிலையில் ஈபேர்ட். வளாகத்துக்குள் ஒரு பாதையை முடிவு செய்யுங்கள்: வாசல், விளையாட்டு மைதானம், அந்தப் பள்ளம், கேன்டீன் பின்புறம். 15 நிமிடத்தில் நடந்து முடிகிற பாதை. வாரம் இரண்டு நாள், முதல் மணி அடிப்பதற்கு முன், மூன்று பேர் மூன்று பேராக முறைபோட்டு நடக்கட்டும். ஒருவர் பதிந்து மற்ற இருவரோடும் பட்டியலைப் பகிரலாம், அதற்கு வசதி இருக்கிறது. வளாகத்தை ஈபேர்டில் ஒரு பொது இடமாகப் பதிந்துவிட்டால், பேட்ச் எத்தனை மாறினாலும் எல்லாப் பட்டியல்களும் ஒரே பெயரின் கீழ் சேரும். ஒரு வருஷம் முடிந்ததும் எந்தப் பறவை எந்த மாதத்தில் எவ்வளவு தென்பட்டது என்ற பட்டை வரைபடம் தானாகவே கிடைக்கும். நாக் குழுவுக்கு வேண்டுமானால் அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கு ஒவ்வொரு மாணவர் பெயரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘எங்கள் கல்லூரி’ என்று ஒரே கணக்கைத் திறந்து அறுபது பேருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தால் யார் எதைப் பார்த்தார் என்றே தெரியாது. கேள்வி வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. அப்புறம், படித்து முடித்து ஊருக்குப் போகும் மாணவி தன் பட்டியல்களையும் கூடவே எடுத்துப் போக முடியாது.

ஐநேச்சுரலிஸ்டை வருஷத்துக்கு ஒருமுறை, திருவிழா மாதிரி வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு, தேர்வுக்கு முன் ஒரு சனி ஞாயிறு. தானாக முளைத்தது, தானாக வந்தது மட்டும் என்று ஒரே விதி. சீசன்வாட்சுக்கு மே மாதத்து ஆள் கிடைத்த அன்று தொடங்கலாம். நோட்டை விட்டுவிட வேண்டாம். செயலியில் இடமில்லாத செய்திகள், எந்தப் புதர் எப்போது வெட்டப்பட்டது, பள்ளத்தில் தண்ணீர் எந்தத் தேதியில் வற்றியது என்பவை அதில் இருக்கட்டும். பின்னால் பட்டை வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் காரணம் தேட அந்த நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

முதல் சில வாரங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் கூட நடந்தால் நல்லது. சென்னை, கோவை, சேலம் போன்ற ஊர்களில் பழைய இயற்கை ஆர்வலர் சங்கங்களும் பறவை ஆர்வலர் குழுக்களும் உண்டு. கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள், சால்வை எதிர்பார்க்க மாட்டார்கள். பைனாகுலர் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். மைனாவுக்கும் கரிச்சானுக்கும் செம்மார்புக் குக்குறுவானின் டொக் டொக்குக்கும் கண்ணும் காதும் போதும்.

மதிப்பெண் போடும் முறையை மட்டும் ஜூனிலேயே அறிவித்துவிடுங்கள். எத்தனை வகைப் பறவை கண்டார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. எத்தனை முழுப் பட்டியல், ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடமா, எண்ணிக்கை போட்டிருக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கிறாரா என்று பார்த்துப் போடுங்கள். வகை எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால், கடலே இல்லாத ஊரின் கேன்டீன் கூரையில் மறுவாரமே கடல் கழுகு வந்து உட்கார்ந்துவிடும்.